வெட்டாத கிணறு

இன்னொருவர் அளந்த எண்களைத் திருடி என் பெயரில் கட்டுரை எழுதினேன். பிறகு, அந்த எண்களால் யாருக்கும் பயனில்லை என்று நானே அறிக்கையும் கொடுத்தேன்.

இரண்டாவதை விதி பிசகாமல் செய்தேன்... அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் இறுதி. பெரம்பலூரில் ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் நான் புள்ளியியல் அலுவலர். அங்கே மரகதம் என்றோர் ஆய்வாளர். மாதந்தோறும் பஸ் ஏறிப் போய், வாலிகண்டபுரம் முதல் அரியலூர் வரை வயல் கிணறுகளில் நீர்மட்டம் அளப்பார். அளந்ததைத் தட்டச்சு செய்து, கேட்டவருக்கெல்லாம் நகல் கொடுப்பார். மற்றவர்கள் தம் எண்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிய காலம் அது!

இப்படிப் பகிர்வதால் என்ன பயன் என்று தலைமையகம் கேட்டது. பயனில்லையென்றால் அளவெடுப்பு நிறுத்தப்படும். மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பயனை நீங்கள் எப்படி அளப்பீர்கள்? நான் ஒரு விதி வகுத்தேன். அச்சேறிய கட்டுரையில் மூலம் குறிப்பிடப்பட்டிருந்தால் பயன்; இல்லையேல் இல்லை. அப்பழுக்கற்ற விதி!

செய்தி கேள்விப்பட்டு, சின்னசாமி என்ற வாலிகண்டபுரத்து விவசாயி என் மேசைக்கு வந்தார். சுற்றுக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்பதை மரகதத்தின் தாளில் பார்த்த பிறகே, புதுக் கிணறு வெட்டும் யோசனையைக் கைவிட்டதாகச் சொன்னார். ஆதாரம் கேட்டேன்.

"வெட்டியிருந்தா கெணத்தக் காட்டலாங்க சார். வெட்டாத கெணத்த எங்க போயி காட்டுறது?"

சிரித்தேன். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கட்டுரைகளைத் தேடினேன். மரகதத்தின் எண்களை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று இருந்தது... பதவி உயர்வுக்காக நான் எழுதியது. மூலம் என்ற இடத்தில் 'கள ஆய்வு' என்று போட்டிருந்தேன். யார் நடந்த களம்?

அதை ஒப்புக்கொண்டிருந்தால், பயன்பாடு 'ஒன்று' என்றாவது எழுதியிருக்கலாம். அந்த ஒன்றே திட்டத்தைக் காப்பாற்றியிருக்கும். என் பதவி உயர்வு போயிருக்கும்.

'பயன்பாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அளவெடுப்பு நின்றது. மரகதத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தவர் உட்காரவில்லை.

"அரியலூர்க் கெணத்தோட மே மாசக் கணக்கு, நான் டைப் பண்றப்பவே தப்பா அடிச்சது சார். உங்க கட்டுரையிலயும் அப்படியே இருக்கு. திருத்திக்குங்க."

குரலில் கோபமே இல்லை. இருந்திருக்கக் கூடாதா!

நான் திருத்தவில்லை. திருத்தினால், அது தவறென்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தத் தவறான எண்ணை, என் பெயரை முறையாக மூலமாகக் குறிப்பிட்டு, பின்னால் பலர் எடுத்தாண்டார்கள். என் விதிப்படி, அத்தனையும் என்னால் விளைந்த பயன்...