ஆவடியில் திரும்பி வராத எவர்சில்வர் டப்பாக்கள்

தை மாதத்திலிருந்தே போகவேண்டும், போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்து ஒருவழியாகப் பங்குனியில்தான் கிளம்பினேன். அதுவும் எங்கே? இமயமலைக்கா? பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு! பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கு இரண்டு மாதச் சோம்பல். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். சொந்த வண்டியை எடுக்காமல், பேருந்திலும் ரயிலிலும் போய்வரக்கூடிய இடங்களைத்தான் எழுதுகிறேன். புகையையும் குப்பையையும் கொஞ்சமாவது குறைத்து வாழும் மனிதர்களைத் தேடிப் போவதும் அதில் சேர்த்தி. ஆவடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தேவகி என்பவர் நடத்தும் மெஸ்ஸில் பார்சலை எவர்சில்வர் டப்பாவில் தருகிறார்கள், முன்பணம் கிடையாது, அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுத்தால் போதும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நான் எத்தனை ஓட்டல் வாசலில் போய் நின்று பிளாஸ்டிக்கைக் குறையுங்கள் என்று கெஞ்சி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்! ஒருவர் தானாகவே செய்கிறார் என்றால் பார்க்காமல் விடலாமா?

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குப் பூந்தமல்லியில் சாதாரணக் கட்டணப் பேருந்து கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சாலையில் வழக்கமான நெரிசல், ஐம்பது நிமிடம் பிடித்தது. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததால் எனக்குப் புகார் இல்லை.

மெஸ் சின்னதுதான், ஆறு மேசை. பொங்கலும் வடையும் சுடச்சுட வந்தன, அறுபது ரூபாய். சுவரில் ஒரு பலகை. வார இறுதிகளில் ஏரிக்கரையைச் சுத்தம் செய்யும் இளைஞர்கள் எழுதிக் கொடுத்ததாம்: “இது எங்க வீட்டுப் பாத்திரம். உங்க வீட்டுக்கு வருது. பத்திரமா அனுப்பி வையுங்க.” அடடா, என்ன அழகு என்று ஒரு படம் எடுத்தேன். எடுத்த பிறகுதான் பலகைக்குக் கீழே இருந்ததைப் பார்த்தேன். கட்டுக் கட்டாகப் புதுக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாக்கள்.

“என்னக்கா இது?” என்று கல்லாவில் இருந்த தேவகி அக்காவிடம் கேட்டேன். பக்கத்துப் பருத்திப்பட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

“இன்னாம்மா பண்றது? குட்த டப்பா ஒண்ணும் திரும்பி வர்ல. டப்பா போனா போவுது, எட்துனு போன ஜனங்களும் வர்ல. நைட்டு பார்சல்தான் என் பொயப்பே. அத்தோட வுட்ருவோம்னு கீறேன்.”

“யாரையாவது கேட்டீர்களா?”

“எப்டிக் கேக்கறது? அல்லாரும் தெரிஞ்ச மூஞ்சி. கேட்டா, திருடின்னு சொல்றாப்ல ஆயிடாதா? அவுங்க அப்டிப்பட்டவங்க இல்லம்மா. அதான் மனசே ஆறல.”

மீதமிருக்கும் டப்பாக்களைச் சாயங்காலம் பாத்திரக்கடைக்காரர் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதிகமான டப்பா எங்கே போயிற்று என்று கேட்டேன். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், தொழிற்சாலைக் குடியிருப்புக்கு என்றார். “விஜயான்னு ஒரு பொண்ணு, நம்ம கொத்சுன்னா உயிரு. அந்தப் பக்கம் போனா பாரு. சண்ட கிண்ட போட்ராத” என்று விஜயாவின் கைப்பேசி எண்ணையும் தன் எண்ணையும் கொடுத்தார்.

அடுத்து ஏரிப் பூங்காவுக்குப் போவதாக இருந்தேன். பூங்கா எங்கே ஓடிவிடப் போகிறது? நிலையத்து வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்தேன், இருபது ரூபாய், கால் மணி நேரம். வழியெல்லாம் மனதுக்குள் ஒரு சொற்பொழிவு தயார் செய்துகொண்டே போனேன், பூமி சூடாவதில் தொடங்கி நாணயத்தில் முடிகிற மாதிரி.

வலைப்பூவில் எழுதுகிறவள் என்று மட்டும் போனில் சொன்னேன், விஜயா குடியிருப்பு வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. சமையலறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது. குளிர்பெட்டியின் மேல் ஐந்து எவர்சில்வர் டப்பாக்கள், கழுவித் துடைத்து, கண்ணாடி மாதிரி. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவருக்கு முகமே செத்துவிட்டது.

“அக்கா அனுப்பிச்சாங்களா? ஐயோ! கொடுக்கக் கூடாதுன்னு இல்லக்கா. வெறும் பாத்திரமா எப்படிக் கொடுக்க? எங்க வீட்டுப் பாத்திரம்னு எழுதியே போட்டிருக்காங்கள்லா. ஏதாவது பலகாரம் செஞ்சு போட்டுக் கொடுப்போம்னு வச்சிருந்தேன். அவங்களே சமைக்கிறவங்க. அவங்களுக்கு நாம ஒண்ணு செஞ்சு கொடுக்கணும்னா சுமாரா செய்ய முடியுமா? அப்படியே நாள் ஓடிப்போச்சு.”

“சரி, கடைப் பக்கமே வருவதில்லையாமே?”

“இதத் திருப்பாம எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போக? இப்ப வேற கடையிலதான் வாங்குதோம். அங்க பிளாஸ்டிக் டப்பாதான்.”

சொற்பொழிவெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணம் நான்கு நாளாக என் அலமாரியில் இருக்கிறது.

சாயங்காலம் பாத்திரக்கடைக்காரர் வரப்போவதைச் சொன்னதும் விஜயா வராந்தாவில் நின்று குரல் கொடுத்தார். வரிசையாகக் கதவுகள் திறந்தன. இரண்டு, மூன்று என்று டப்பாக்கள் வந்தன. எல்லா வீட்டிலும் இதே கதை. ஒரு அம்மாள் அதிரசத்துக்கு வெல்லம்கூட வாங்கி வைத்திருந்தார். பலகாரத்துக்கு இப்போது நேரம் ஏது? ஆளுக்குக் கொஞ்சம் சர்க்கரையைப் போட்டு மூடினார்கள். இரண்டு கட்டைப்பை நிறைவதற்குள் மதியமாகிவிட்டது. தேவகி அக்காவுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எந்த மெஸ்காரர் போனை எடுப்பார்? ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருக்காமல் தனி ஆட்டோவே பிடித்தோம், நூற்றைம்பது ரூபாய். “இன்னாக்கா, கல்யாண ஊட்டு சீரா?” என்று ஓட்டுநர் கேட்க, விஜயா முதன்முறையாகச் சிரித்தார்.

மெஸ்ஸில் பாத்திரக்கடைக்காரர் சாயங்காலத்துக்குக் காத்திருக்காமல் மதியமே வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார். அலமாரி காலி. கறுப்பு டப்பாக் கட்டைப் பிரித்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

தேவகி அக்கா முதல் டப்பாவைத் திறந்தார். சர்க்கரை. அடுத்தது, சர்க்கரை. “இன்னாம்மா இது?” என்றார். விஜயா அழுதுகொண்டே சொல்லி முடித்தார். அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சக்கரைய யாரும்மா கேட்டாங்க? நீ சும்மா கைய வீசிகினு வந்துருந்தா போதுமே.”

“நீங்களாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாக்கா.”

இரண்டும் நியாயம்தான். என்ன பிரயோஜனம்? இந்த இரண்டு பை டப்பாவை வைத்து ஒரு ராத்திரி வியாபாரத்தைக்கூட ஓட்ட முடியாது, புதிதாக வாங்கக் கையில் தெம்பும் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டார். விஜயா வீட்டுக்கு மதியச் சாப்பாடு வாங்கினார். அது கறுப்பு பிளாஸ்டிக்கில்தான் போனது. எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாவற்றிலும் சர்க்கரை இருந்தது, அதைக் கொட்ட யாருக்கும் கை வரவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் எனக்கு ஒரே ஆற்றாமை. ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களையும் ஜனங்களையும் மாறச் சொல்கிறோம். நன்றாக நடந்துகொண்டிருந்த ஒன்று இவ்வளவு நல்ல மனிதர்களுக்கு நடுவில், யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் நின்று போய்விட்டது. “வெறும் டப்பாவாகவே கொடுக்கலாம்” என்று அந்தப் பலகையில் ஒரே ஒரு வரி சேர்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டரைக்குள் போனால் வடை கிடைக்கும். அம்பத்தூரிலிருந்து வருபவர்கள் மின்சார ரயிலில் வாருங்கள், நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பார்சலுக்கு உங்கள் டப்பாவைக் கொண்டு போங்கள், முகம் சுளிக்காமல் போட்டுத் தருவார். உங்கள் ஊரில் எந்தக் கடையாவது இப்படிப் பாத்திரம் கொடுத்தால், தயவுசெய்து கழுவி மறுநாளே கொடுத்துவிடுங்கள். பலகாரம் வேண்டாம், சர்க்கரை வேண்டாம்.

போன சனிக்கிழமை மறுபடி போயிருந்தேன். என் டப்பாவை நீட்டியதும் தேவகி அக்கா மூடியைத் திறந்து உள்ளே ஒரு முறை பார்த்தார்.

“ஒன்றுமில்லையே அக்கா, கழுவித்தான் கொண்டு வந்தேன்” என்றேன்.

“தெரியும்மா. இப்பல்லாம் யார் டப்பா நீட்னாலும் பாக்கத் தோணுது” என்றபடி இட்லியை அடுக்கினார்.