ஏழாம் எண் சட்டை

போன வாரம் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழிருந்தே அதைப் பார்த்துவிட்டேன். எங்கள் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியில், அப்பாவின் வேலைச் சட்டைகளுக்கும் அம்மாவின் நைட்டிகளுக்கும் நடுவில், நீல நிற ஹாக்கிச் சட்டை ஒன்று தொங்கியது. முதுகில் ஏழு. நெஞ்சில் ஒரு குளிர்பான நிறுவனத்தின் பெயர். தீபாவளிக்காக அலமாரியைத் துப்புரவு செய்த அம்மா அதையும் எடுத்துத் துவைத்திருக்கிறார். அது என் சட்டை அல்ல. எங்கள் கேப்டனுடையது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மா தேக்கா ஈரச்சந்தையில் காய்கறிக் கடையில் நிற்பவர்; அப்பா கப்பல் பட்டறையில். பலதுறைத் தொழிற்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்ததையும், முதல் ஆண்டிலேயே ஹாக்கிக் குழுவில் சேர்ந்ததையும் அம்மா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்து கல்லூரிச் சட்டையோடு நான் தேக்காவுக்குள் நடந்தால், மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சட்டை எங்களுக்குச் சொந்தமில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் துவைத்து, தேய்த்து, எண் வரிசைப்படி விளையாட்டுப் பிரிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். துவைப்பவர் யார் என்று கல்லூரி கேட்டதில்லை. திடலுக்குப் பக்கம் புக்கிட் மேராவில் இருந்தது எங்கள் வீடுதான் என்பதால், எல்லாச் சட்டைகளும் அம்மாவிடம் வந்தன. கழிகளில் வரிசையாக நீலச் சட்டைகள் ஆடுவதைப் பார்த்து, "என்ன, புதுசா டோபி கடை போட்டிருக்கீங்களா?" என்று கேலி செய்வார் எதிர்வீட்டு மாமி.

கேப்டன் என்னைவிட ஓராண்டு மூத்தவள். தீவின் மறுகோடியில் உள்ள உட்லண்ட்ஸிலிருந்து வருவாள். செவிலியர் படிப்பு. மாலை நேரங்களில் தேக்காவுக்கு அருகில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்து, அந்தச் சம்பளத்தில்தான் படித்தாள். போட்டிக் காலம் வந்ததும் தினமும் மாலைப் பயிற்சி என்று அறிவித்தார்கள். வராதவர்களுக்குக் குழுவில் இடமில்லை. கடையா, குழுவா என்ற நிலை. அப்போதுதான் அவள் எங்கள் மேலாளரிடம் கேட்டாள். கல்லூரியின் விளையாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். கூட்டங்களில் ஆங்கிலம், எங்களிடம் தனியாகத் தமிழ். விட்டுவிடும் வேலைக்கு ஈடாகக் கல்லூரி ஏதாவது படித்தொகை தருமா என்பதுதான் அவள் கேள்வி.

"காசு வந்துட்டா விளையாட்டோட அழகு போயிடும்மா," என்றார் மேலாளர். "கல்லூரி பேருக்காக ஆடுற பெருமைக்கு யாராச்சும் விலை போடுவாங்களா?"

"அப்படின்னா உங்க அழகு எப்பவோ போயிருக்கணுமே சார். மாசாமாசம் சம்பளம் வருதுல்ல?"

நாங்கள் சிரித்தோம். மேலாளர்தான் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். "சரியான வாய்க்காரி," என்று பாராட்டுவதுபோலச் சொன்னார். அந்தச் சிரிப்போடு விஷயத்தை முடித்துவிட்டார்.

உடை மாற்றும் அறையில் எங்கள் கோல்கீப்பர் முகத்தைச் சுளித்தாள். "காசுக்காகவா விளையாடுறோம்? கேக்கவே அசிங்கமா இருக்கு லா."

"உன்னைக் கூட்டிட்டுப் போக உங்கப்பா கார் வருது," என்றாள் கேப்டன், காலுறையைக் கழற்றிக்கொண்டே. "என்னைக் கூட்டிட்டுப் போற பஸ் காசு கேக்குதே லா. நீயே அதுகிட்ட பேசிப் பாரு."

மறுவாரம் அவள் புடவைக் கடையை விட்டாள். விளையாட்டின் மீது ஆசை இல்லாதவள் கூலி கேட்கிறாள் என்று நினைத்தவர்கள், அதன் பிறகு அவள் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். நடுவருக்குச் சம்பளம், பயிற்றுநருக்குச் சம்பளம், படம் எடுப்பவருக்குச் சம்பளம். குளிர்பான நிறுவனம் கல்லூரிக்குக் கொடுத்தது. அதன் பெயரை நெஞ்சில் சுமந்து ஓடிய எங்களுக்குக் கிடைத்தது அதே குளிர்பானம், ஆளுக்கு ஒரு டின். கூலி வாங்கினால் கெட்டுப்போகும் அந்த அழகைக் காப்பாற்றும் பொறுப்பு, அங்கிருந்த அத்தனை பேரிலும் எங்கள் தலையில் மட்டும் விழுந்திருந்தது.

இறுதி ஆட்டத்தில் யாரும் அவளை இடிக்கவில்லை. பந்தோடு திரும்பினாள், முழங்கால் திரும்பவில்லை. நாங்கள் ஜெயித்தோம். குழுப் படத்துக்கு அவளைத் தூக்கி வந்து நடுவில் உட்கார வைத்தார்கள். முழங்காலில் கட்டியிருந்த ஐஸ் பை படத்தில் தெரியக் கூடாதென்று, கோப்பையை அதன் முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னார் படம் எடுத்தவர். அவளும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த ஆண்டு புதிய மாணவர்களை ஈர்ப்பதற்காகக் கல்லூரி வாசலில் மாட்டிய பெரிய பதாகையில் இருந்தது அந்தச் சிரிப்புதான். அப்போது அவள் கல்லூரியில் இல்லை. கல்லூரியின் காப்பீடு அறுவை சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியோடு நின்றுவிட்டது. செவிலியர் பயிற்சிக்கு மருத்துவமனை வார்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அவளால் முடியவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டுப் படிப்பை விட்டாள்.

அவள் மருத்துவமனையில் படுத்திருந்த வாரம், மேலாளர் எனக்குச் செய்தி அனுப்பினார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. சட்டைகளில் ஏழாம் எண் மட்டும் வரவில்லை என்றார். அது எங்கள் வீட்டில், அம்மா தனியாக எடுத்து வைத்தபடி, தேய்த்து மடித்து இருந்தது. எடுக்கப் போனபோது அம்மா அலமாரியின் முன் வந்து நின்றுகொண்டார்.

"தர மாட்டேன். அந்தப் புள்ளையோட காலைக் குடுத்துட்டு சட்டைய வாங்கிக்கிட்டுப் போகச் சொல்லு."

"அம்மா, அது காலேஜ் சாமான்."

"அவளை மட்டும் வேற என்னன்னு நெனச்சாங்களாம்?"

மேலாளரிடம் சட்டை காணவில்லை என்று சொன்னேன். இன்றும் அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் ஒன்று தெரியாமல் போனது. ஏழாம் எண் கேப்டன் பெயரில் பதிவாகியிருந்தது.

சில மாதங்கள் கழித்து, அவளுக்கே கொடுத்துவிட்டு வா என்று அம்மா சட்டையோடு என்னை உட்லண்ட்ஸுக்கு அனுப்பினார். அதைப் பார்த்ததும் கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, இது உங்க வீட்டுலயா இருந்துச்சு? படிப்ப விட்டப்போ, இதுக்குக் காசு கட்டினாத்தான் மதிப்பெண் சான்றிதழைத் தருவோம்னாங்க. கட்டிட்டேன் லா." சிரிப்பு நின்றதும் முழங்காலை நீவிக்கொண்டாள். "உங்க அம்மாகிட்டயே இருக்கட்டும். நான் வச்சிருந்தா பாத்துப் பாத்து எரிச்சல்தான் வரும்."

விளையாட்டுக்காகக் கல்லூரிக்கும் அவளுக்கும் இடையே கைமாறிய பணம் அது ஒன்றுதான். கொடுத்தவள் அவள்.

இப்போது அவள் ஒரு மருந்தகத்தில், உட்கார்ந்து செய்யும் வேலையில் இருக்கிறாள். நான் ஒரு நிறுவனத்தில் கணக்காய்வாளர். சென்ற மாதம் கல்லூரியிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. புதிய குழுவினரிடம் விளையாட்டு எனக்குக் கற்றுத் தந்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். நினைவுப் பரிசு உண்டாம். கேப்டனிடம் தொலைபேசியில் சொன்னேன். "போ லா," என்றாள். "சட்டையையும் எடுத்துட்டுப் போய்க் குடு. காசும் வாங்கியாச்சு, சாமானும் வந்திடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க."

கல்லூரிக்கு அனுப்பிய பதிலில் நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: பேசுவதற்கு எவ்வளவு தருவீர்கள்?

இன்னும் பதில் இல்லை. போன வாரம் சட்டையைக் கழியில் பார்த்த அன்று மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. "கழியை உள்ள இழு!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். இழுத்தேன். ஏழாம் எண் நன்றாகக் காய்ந்திருந்தது. பழைய வழக்கப்படி தேய்த்து மடித்தேன். அம்மா அதை வாங்கி, அலமாரியில் தன் பட்டுப்புடவைக்கு மேல் வைத்துப் பூட்டினார்.