பல்லேகலவில் ஒன்றரைச் சுற்று

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை, கிரிக்கெட் மைதானம் உள்ள பல்லேகலவுக்குப் போனேன். கிரிக்கெட்டுக்கு அல்ல. தோழி ரிஸானா ஸ்கேட்டிங் போட்டியில் இறங்குவதால் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். அவள் விழுந்துவிடக்கூடும் என்ற ஆசையும் ஒரு காரணம், மறைப்பதற்கில்லை.

ரிஸானா கெலிஓயாக்காரி. ஏழு வருடம் இருவரும் ஒரே பயிற்சியாளரிடம் பழகினோம். கண்டியில் பனித்தளம் கிடையாது. பனியில் செய்யும் அதே தாவல்களை நாங்கள் நான்கு சக்கரக் காலணியோடு செய்வோம். இரண்டு வருடத்துக்கு முன் நான் விட்டுவிட்டேன், அவள் விடவில்லை.

காலை 7.10க்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் திகன பஸ் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீற்றர், எண்பது ரூபாய், நாற்பது நிமிடம். இறங்கிய இடத்திலிருந்து உள்ளரங்குவரை ஓட்டோவுக்கு இருநூறு. ஓட்டுநர் பன்வில பக்கத்து அண்ணன்.

"இன்னைக்கி மேட்ச் இல்லையே மிஸ்?"

"ஸ்கேட்டிங் போட்டிண்ணே. சில்லு பூட்டிக்கிட்டு குதிக்கிறது."

"என் வண்டியிலயும் மூணு சில்லு இருக்கு. இந்த ரோட்டுல தினம் குதிக்குது, ஒருத்தரும் கப் குடுக்கல."

ஸ்கேட்டிங் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். மற்றத் தாவல்களில் பின்பக்கமாக ஓடியபடி எழும்புவோம். ஆக்சல் என்ற தாவலில் மட்டும் முன்னோக்கி எழும்பி, பின்னோக்கி இறங்க வேண்டும். அதனால் ஒன்றரைச் சுற்று. அந்த அரைச் சுற்றிலேயே நான் நான்கு வருடம் நின்றேன். ஒவ்வொரு முறையும் கால் தரையைத் தொட்ட பிறகுதான் உடம்பு மிச்சத்தைச் சுற்றி முடிக்கும். நடுவர் கண்டுபிடித்தால் புள்ளி போய்விடும்.

ரிஸானாவின் பிரிவு 9.40க்குத் தளத்தில் இறங்கியது. போட்டிக்கு முன் ஐந்து நிமிடம் பழகலாம். பயிற்சியாளர் சின்னப் பிள்ளைகளோடு இருந்தார். அவள் ஆக்சல் செய்வதை என் போனில் எடுக்கச் சொன்னாள்.

"பக்கத்துலருந்து எடு புள்ள. ஒன்ட கண்ணுக்குத் தப்பாது."

எடுத்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சில்லு தரையில் படும்போது சுற்று முழுதாக முடிந்திருந்தது. என் வயிறு எரிந்தது. அதே நேரம் முதல் ஆளாக அவள் பெயரை அழைத்தார்கள். தளத்தோரக் கம்பியருகே வந்து, "வந்திச்சா?" என்றாள்.

"கொஞ்சம் குறையுது," என்றேன். "கால் சுற்று."

"அப்ப இன்னும் கூட இழுத்துச் சுத்தணும்," என்று போய்விட்டாள்.

கூட இழுத்தாள். அளவுக்கு மேல் சுற்றி, இடுப்பு அடிபட விழுந்தாள். எழுந்து மிச்சத்தை ஒழுங்காகச் செய்தாள். மூன்றாம் இடம். கொழும்பில் நடக்கும் அடுத்த கட்டத்துக்கு முதல் இருவர் மட்டுமே.

சிற்றுண்டிச்சாலையில் பால் விடாத பிளேன்டீயோடு உட்கார்ந்தோம். "நீ சொன்னது சரி. சுத்து காணாதுன்னு பயந்து கூட இழுத்துட்டேன்," என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை நீட்டினேன்.

மூன்று முறை பார்த்தாள்.

"முழுசா சுத்தியிருக்கேனே."

"ஓம். நான் பொய் சொன்னேன். எனக்கு வராதது உனக்கு வந்ததைப் பாக்க முடியல."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தன் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள். "உம்மா, ஆக்சல் வந்துட்டு. இல்ல உம்மா, போட்டியில விழுந்துட்டேன். ஆனா வந்துட்டு."

கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். தோற்ற அன்றும் அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தின்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

புறப்படும்போதுதான் சொன்னாள்: "வீடியோவ அனுப்பு. இனிமே ஒன்னட்ட கேக்க மாட்டேன்."

போக நினைப்பவர்களுக்கு: நடுவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள், தாவலின் இறக்கம் அங்கிருந்துதான் தெரியும். நுழைவு இலவசம். மதியம் கண்டி பஸ்ஸில் கூட்டம் அதிகம், பதினொன்றரைக்கு முன் கிளம்புங்கள். நீங்களே போட்டியாளர் என்றால், தாவலை வீடியோ எடுக்க வருபவருக்கு அது வருமா வராதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோவைப் பஸ்ஸில் வைத்தே அனுப்பிவிட்டேன். என் போனில் இன்னும் இருக்கிறது. எங்கேயாவது குறைகிறதா என்று இன்று காலையும் பார்த்தேன். குறையவில்லை.