இரண்டு முழம் தள்ளி நின்ற கல்

என் தங்கை புருஷன் பால் வண்டி ஓட்டுகிறவர். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். நானோ முப்பது வருஷம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படியிருக்க, ஊரே அவரைக் ‘கல்லுக்காரர்’ என்று கொண்டாடினால் எனக்கு வயிறு எரியாதா? எரிந்தது. பொய் சொல்வானேன்?

ஊருக்கு வெளியே மேட்டில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பழங்காலத்துக் கற்கள் உண்டு. செத்தவர்களுக்காக நட்டவை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மாப்பிள்ளை விடியலில் பால் எடுத்துப் போகும்போது அங்கே வண்டியை நிறுத்தி, சூரியன் எந்தக் கல்லுக்கு நேரே எழுகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைப்பார். பதினோரு வருஷம் இதே வேலை. விதைக்கும் காலம் அறியவும் நட்டிருக்கலாம், ஆண்டின் மிக நீண்ட பகலன்று ஜோடியாக நிற்கும் இரண்டு கற்களுக்கு நடுவே நின்றால் எதிரே உள்ள நெட்டைக் கல்லின் தலையில் சூரியன் ஏற வேண்டும் என்பது அவர் கணக்கு. ஏறவில்லை. இரண்டு முழம் வடக்கே தள்ளி எழுந்தது.

“நட்டவன் தப்பு பண்ணியிருக்க மாட்டான் மச்சான். பின்னால எவனோ கை வெச்சிருக்கான்” என்றார்.

அந்த எவனோ நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாய்ந்து விழுந்த அந்த நெட்டைக் கல்லை நிமிர்த்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் தொழிலில் கோணல் என்றாலே கண்ணை உறுத்தும். புதுச் சாலைக்கு நேர்கோட்டில் வரட்டுமே என்று இரண்டு முழம் தெற்கே தள்ளி நட்டுவிட்டேன். பழைய இடத்தின் அளவு என் அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு பேராசிரியர் வந்து பார்த்து, எல்லாம் தற்செயல், கல் நகர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கைவிரித்துவிட்டார். மாப்பிள்ளை காலண்டர் தாள் கட்டோடு நேரே என் வீட்டுக்கு வந்தார். எனக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. நமக்கெதுக்கு மாப்ளே இந்த வம்பு என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

“நீங்க அளக்குற ஆளு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தாள் கட்டை என் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அதை மட்டும் பார்க்க முடியவில்லை. பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கீழே என் கையெழுத்து. திட்டுவார், தங்கையிடம் சொல்லி மானத்தை வாங்குவார் என்று காத்திருந்தேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

“அப்ப நான் பார்த்தது சரிதானே மச்சான்?”

அவ்வளவுதான் கேட்டார். ஒரு கடுஞ்சொல் இல்லை. இதிலும் அந்த மனுஷன் என்னை முந்திவிட்டார். இன்னும் எரிகிறது.