இரண்டு கிடார், ஒரு காது

ஹெட்போனைக் கழற்றி, இடமும் வலமும் மாற்றி மாட்டிக்கொண்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓட விடுகிறார் டிங்கர். ஒரு கிடாரைக் கேட்டாகிவிட்டது. இது இன்னொன்றின் முறை. பட்டறையில், கழற்றிப் போட்ட கார் பின்சீட்டில் சாய்ந்தபடி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இதே கூத்துதான்.

நசுங்கிய கார்க் கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். எப்போதோ அடிபட்டு வந்த ஒரு காரின் டேப்பில் சிக்கியிருந்த கேசட்தான் அவரைப் பிடித்த பேய். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துப் பழைய ராக். ஆங்கிலம் அரைகுறை, பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று இன்றுவரை அவர் கவலைப்பட்டதில்லை. “அவன் பாடித் தொலையட்டும், அப்புறம்தான் நம்ம ஆளுங்க வருவாங்க” என்பார்.

நம்ம ஆளுங்க என்றால் கிடார்காரர்கள் இருவர். வேறு குழுக்களில் ஒருவர் முன்னே நின்று வெளுத்து வாங்குவார், மற்றவர் பின்னால் ஒத்து ஊதுவார். இங்கே இருவருமே முன்னே நிற்பவர்கள். ஒருவர் மெட்டை எடுக்க, மற்றவர் அதையே கொஞ்சம் உயரத்தில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். ஒலிப்பதிவில் ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். “போட்டின்னு நெனப்பாங்க. போட்டியாவது மண்ணாவது! ஒருத்தன் எறங்கறப்ப இன்னொருத்தன் தாங்கறான் பாருங்க, அதைக் கேளுங்க” என்று வண்டி விட வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து உயிரை எடுத்த மனிதர்.

இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. வலது காது செத்துப் போய்விட்டது. சுத்தியல் சத்தம் தின்றுவிட்டது. காதை அடைத்துக்கொண்டு வேலை பார்க்கச் சொல்லாதவர்கள் கிடையாது. ஆனால் தகடு நிமிர்ந்ததா, இழுத்துக்கொண்டதா என்பதை அவர் தட்டும் ஓசையில்தான் கண்டுபிடிப்பார். “காதை அடைச்சிட்டு எதைத் தட்டறது?” என்று கேட்டுக் கேட்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

மகள் போனில் எதையோ அமுக்கி, இரண்டு கிடாரையும் ஒரே காதுக்கு வரவழைத்துக் கொடுத்தாள். கேட்டவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. “ரெண்டு பேரையும் ஒரே சட்டைக்குள்ள திணிச்சிட்டியேம்மா.” அதனால்தான் இந்த மாற்றி மாட்டுகிற வேலை. இருவரும் ஒன்றாக வரும் இடம் மட்டும் இனி இல்லை.

நேற்று டாக்டர், இடது காதும் இறங்க ஆரம்பித்துவிட்டது என்றார். “பாட்டுக் கேக்கறதை இதோட விட்டுடுங்க. வீட்டுல பேசறதாவது மிஞ்சட்டும்.” மனைவியும் கூடப் போயிருந்தார்.

இன்று மனைவி பட்டறைக்கே வந்துவிட்டார். ஹெட்போனைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “டாக்டர் சொன்னது அதுக்குள்ள மறந்துபோச்சா? நாளைக்கு நான் கூப்பிட்டா யாரு திரும்பிப் பாக்கறது?” கடைசியில் குரல் உடைந்தது.

இன்னும் அரை நிமிடத்தில் கிடார் வந்துவிடும். வருவதற்குள் பாட்டை நிறுத்தினார் டிங்கர்.

“பேசு.”

“என்னத்தைப் பேச?”

“எதையாவது. திட்டேன்.”

டிங்கர் சீட்டில் வலப்பக்கமாக நகர்ந்து மனைவிக்கு இடம் விட்டு, இடது காதை அவர் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.