நாற்சந்தியில் நின்ற வாய்க்கால் படம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் காலையில் நடந்தது இது. பால் வாங்கப் போன என் கணவர் பால் இல்லாமல் திரும்பி வந்தார். வண்டியை அணைக்காமல் வாசலில் நின்றபடியே, "செத்த ஏறு. நாச்சந்தி வரைக்கும் போயிட்டு வந்துரலாம்" என்றார். என்னவென்று கேட்டேன். வண்டியைத் திருப்பினார்.

நாற்சந்தியில் வழக்கமாகக் காதணி விழா, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று பிளக்ஸ் நிற்கும் இடத்தில் அன்று என் கணவர் நின்றிருந்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருந்து எடுத்த முகம்; கோட்டு மட்டும் புதிதாக மாட்டிவிட்டிருந்தார்கள். "எங்கள் பகுதியின் விஞ்ஞானியே, வாழ்க" என்று மேலே தலைப்பு. பக்கத்தில், ராக்கெட் பறக்க வேண்டிய இடத்தில், ஒரு சாக்கடையின் வரைபடம்.

அந்த வரைபடத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் பல மாதங்களாக எங்கள் யார்டின் ஒரு மூலையைத் தார்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம்.

என் கணவர் வேடசந்தூர் சாலையில் கான்கிரீட் வார்ப்பு யார்டு வைத்திருக்கிறார். வேலிக் கல், காற்றோட்டத்துக்கு வைக்கும் ஜன்னல் ஜாலி, தெருவோரச் சாக்கடைக்கான தொட்டி போன்ற துண்டுகள், இவைதான் அங்கே தயாராகும். சாக்கடைத் துண்டுகளை வரிசையாக இறக்கி, ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் சிமெண்ட் பூசுவது எல்லோரும் செய்வது. எங்கள் ஊர் வெயிலில் அந்தப் பூச்சு ஒரு கோடையைத் தாண்டாது. வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கும், அடிமண் கரையும், ஒரு துண்டு தாழும், அதன் பின்னால் குப்பை தேங்கும். தாழ்ந்த துண்டை மாற்றக் கடப்பாரையால் உடைப்பதைத் தவிர வழி கிடையாது. நூற்பாலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் போட்டுக் கொடுத்த சாக்கடைக்கே இந்தக் கதி வந்தது. மழைக்கு மறுநாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் மண்டைக்குள் இருந்தது அந்தச் சேரும் இடம் மட்டும்தான். பல மோல்டுகள் செய்து உடைத்தார். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஆப்பு போன்ற மெல்லிய துண்டு ஒன்று மேலிருந்து இறங்கும். அதன் உள்பக்கத்தில் படிக்கட்டு போல ஒரு படி. அந்தப் படியில் ஒரு ரப்பர் பட்டை. ஆப்பின் எடையே ரப்பரை அழுத்தி இடைவெளியை மூடிவிடும். சிமெண்ட் வேண்டாம். கொக்கி போட்டு ஆப்பைத் தூக்கினால் பக்கத்துத் துண்டு தனியாக எழுந்து வந்துவிடும். எதையும் உடைக்க வேண்டாம்.

அவர் முன்பு யோசித்துச் செய்த ஒரு ஜாலி டிசைனைச் சுற்றியிருந்த யார்டுகள் ஒரே சீசனில் எடுத்துக்கொண்டன. அதனால் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட வேண்டும் என்று மதுரையில் ஒரு காப்புரிமை முகவரைப் போய்ப் பார்த்தோம். நடுத்தர வயதுப் பெண்மணி. உலகத்தில் இதுவரை பதிவான சாக்கடைகளை எல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, எங்கள் ஆசையைக் கொஞ்சம் குறைத்தார். துண்டு துண்டாகச் செய்து அடுக்குவது பழையது. ரப்பர் வைப்பது பழையது. ஆப்பும் தெரிந்த பொருள்தான். தெரிந்த பொருள்களை வரிசை மாற்றி வைத்தால் சட்டம் அதைக் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ளாது. அவை சேர்ந்து, தனித்தனியாகச் செய்யாத ஒரு வேலையைச் செய்ய வேண்டும். எங்களுடையதில் அப்படி வேலை செய்வது ஆப்பின் உள்ளே இருக்கும் அந்தப் படி ஒன்றுதான் என்றார். இத்தனை பெரிய சாக்கடையில் புதிது என்று சொல்லத்தக்கது உள்ளங்கை அகல இடம். மனு பதிவாகும் முன் அந்த இடம் பொதுவில் வெளியாகிவிட்டால் அதுவும் புதிது இல்லை என்று ஆகிவிடலாம். "உங்க வாயாலயே வெளிய போனாலும் போனதுதான் சார்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அவர் சொன்னதை என் கணவர் அப்படியே பிடித்துக்கொண்டார். யார்டுக்கு வருகிறவர்கள் தார்பாயைக் காட்டி என்ன என்று கேட்டால் "சும்மா" என்பார். ஏன் மறைக்கிறோம் என்பதையும் சேர்த்தே மறைத்தார். ஆனால் மனுவுக்கு வரைபடம் வேண்டுமே. பாலிடெக்னிக்கில் கூடப் படித்த நண்பர் ஒருவர் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். கட்டட வரைபடமும் போடுவார். அவரிடம் கொடுத்து, யாரிடமும் காட்டாதே என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அந்த வரைபடம்தான் இப்போது பேருந்துகள் திரும்புகிற முனையில் நின்றது. என் கணவர் பிளக்ஸைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சு போச்சு" என்றார்.

டீக்கடைக்காரர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, சாக்கடைக்கு மந்திரி ஆயிட்டீகளா? சொல்லவே இல்ல."

நான் கொஞ்ச காலம் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். பக்கம் அச்சுக்குப் போகும் முன் ஓரம் வரைக்கும் பார்த்துவிடுவது பழக்கம். அருகில் போய் அந்தப் பிளக்ஸை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். சாக்கடை நீளமாக இருந்தது. துண்டுகள் இருந்தன. நடுநடுவே ஆப்பு ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் இருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி வலது கீழ் மூலைக்குப் போனது. சேரும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வட்டம் அங்கேதான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் வட்டம் இல்லை. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கையைக் கூப்பியபடி, என் கணவரின் தாய்மாமா இருந்தார். வாழ்த்துகிற மற்ற அன்பர்களின் முகங்கள் எல்லாம் தபால்தலை அளவு. இவர் மட்டும் தாம்பாளம் அளவு. ஆப்பின் உள்ளே இருக்கும் படியையும் ரப்பரையும் அவருடைய முகம் முழுவதுமாக மூடியிருந்தது.

கணவரை இழுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். முகவருக்குப் போன் போட்டோம். கிட்டே போய், எல்லா மூலையும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதோடு, "மறைக்காத படம் எங்கயாவது போயிருக்கான்னு பாருங்க. அதுதான் முக்கியம்" என்றார்.

நேராகப் பிளக்ஸ் கடைக்குப் போனோம். நண்பர் சிரித்த முகமாக எழுந்து வந்தார். "எப்புடி மாப்ள? மாமா ஐடியா."

"யார்ட்டயும் காட்டாதன்னு சொன்னேன்ல?"

"யார்ட்டயும் காட்டலயே. மாமாட்ட மட்டும்தான் காட்டுனேன். மாமா என்ன யாரோவா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் கிடையாது. விஷயம் இதுதான்: தார்பாய் ரகசியத்தைத் துருவிக்கொண்டே இருந்த தாய்மாமா, கடைக்கு வந்தபோது திரையில் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். மருமகன் அடக்கத்தால் சொல்லாமல் இருக்கிறான், நாம்தான் கொண்டாட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். நண்பர் முதலில் செய்த பிளக்ஸில் அந்த வட்டம் மறைக்கப்படாமல் முழுதாக இருந்தது. அதை ஒப்புதலுக்காகத் தாய்மாமாவின் வாட்ஸப்புக்கு அனுப்பியிருக்கிறார். 

என் கணவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தாய்மாமா அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர். ஆட்டு வியாபாரிகள் குழு, பங்கு மக்கள் குழு, சொந்தக்காரர் குழு என்று அவருடைய போனில் குழுக்களுக்குக் குறைவில்லை. காலை வணக்கத்தில் இருந்து கருமாதி வரைக்கும் வந்ததை எல்லாம் எல்லாவற்றிலும் தள்ளிவிடுவார்.

நாங்கள் போனபோது அவர் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. "வா அப்பு. வாழ்த்துச் சொல்ல வந்தீகளா?"

"மாமா, மொதல்ல ஒரு படம் வந்துச்சே. அதை யாருக்கு அனுப்புன?"

"எந்தப் படம்?"

"பிளக்ஸ்காரன் மொதல்ல அனுப்புனது."

"அதுவா" என்றவர் சவரக்கத்தியைத் துடைத்தார். "அதுல என் மூஞ்சி மொளகு சைஸுக்கு இருந்துச்சு. அதை எவனுக்குப் போயி அனுப்புவேன்? அவனக் கூப்புட்டு, ஏலே, காசு குடுக்குறவன ஓரத்துல வைப்பியா, பெருசா எடுத்துப் போடுறான்னு ஏசுனேன். அப்புறந்தேன் ஒழுங்கா போட்டான்."

என் கணவர் அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். முதல் படம் வந்த இடத்திலேயே இருந்தது. எங்கும் போகவில்லை. இரண்டாவது படம், முகம் பெரிதான படம், எல்லாக் குழுவுக்கும் போயிருந்தது. அன்று காலையில் முதல் தடவையாக என் கணவர் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். தாய்மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

முகவரிடம் விவரம் சொன்னோம். பிளக்ஸில் வெளியே தெரிவது எல்லாம் ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்ததுதான். அதை வைத்து யாராலும் எங்கள் ஆப்பைச் செய்ய முடியாது என்றார். ரகசியம் என்று சொல்லி வரைகிறவரிடம் கொடுத்தது வெளியீடு ஆகாது. முதல் படத்தை இரண்டு போனிலும் அழித்துவிட்டு, வேறு யாரிடமும் காட்டவில்லை என்று இருவரிடமும் எழுதி வாங்கச் சொன்னார். "பேனர உடனே எறக்கிருங்க. திங்கக்கிழமை மனு போட்டுர்றேன். அதுவரைக்கும் பத்திரம்."

இறக்கும் பேச்சு வந்ததும் தாய்மாமாவின் முகம் மாறியது. "ஊரே பாத்துருச்சு. இப்பக் கழட்டுனா என்னய என்னான்னு நெனைப்பாய்ங்க? நான் வச்சது புடிக்கலைன்னா நேரா சொல்லுங்க."

என் கணவர் மறுபடியும் "சும்மாதான் மாமா" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டு, எல்லாவற்றையும் அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். உள்ளங்கை அகல இடத்தைச் சொன்னேன். அது வெளியே தெரிந்தால் யார் யார் நாளைக்கே வார்த்து விற்பார்கள் என்று சொன்னேன். அவருடைய முகம் எதை மூடியிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சோப்பு காய்ந்துவிட்டது.

"இதை மொதல்லயே சொல்லிருந்தா நான் ஏன் தாயி பேனரு வைக்கப்போறேன்? காவலுக்குல்ல நின்னுருப்பேன்."

மீதிச் சவரத்தை முடிக்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். ஏணி பிடிக்க ஆள் கூப்பிட்டு, அவரே முன்னால் நின்று பிளக்ஸை இறக்கினார். டீக்கடைக்காரர் காரணம் கேட்டதற்கு, "போட்டோல நான் கொஞ்சம் கறுப்பா விழுந்துட்டேன்" என்றார்.

அதோடு விடவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் யார்டில் தார்பாய்க்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு அங்கேயே போனது. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் சரியில்லை என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். வேலிக் கல் வாங்க வந்த ஒருவர் தார்பாயைக் காட்டி விசாரித்திருக்கிறார்.

"உள்ள ஆடு குட்டி போட்டுருக்கு. வெளிக்காத்து படக்கூடாது."

"சத்தமே கேக்கலையேண்ணே?"

"தூங்குது."

திங்கட்கிழமை மதியம் மனு பதிவாகிவிட்டது என்று முகவரிடம் இருந்து செய்தி வந்தது. தாய்மாமா நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, அன்று மாலை கோயில் திருவிழாச் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கப் போனார்.

பிறகு எல்லாம் அதன் வேகத்தில் நடந்தது. மனுவில் என் பெயரையும் முகவர் சேர்த்திருந்தார். விண்ணப்பதாரர்களில் பெண் ஒருவர் இருந்தால் விரைவாகப் பரிசீலிக்கக் கேட்கலாமாம். காப்புரிமை அலுவலகத்தில் இருந்து எதிர்பார்த்த ஆட்சேபம் வந்தது: தெரிந்த பொருள்களின் மறு அடுக்கு. வீடியோவில் விசாரணை நடந்தது. அதிகாரி அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சாக்கடை நிரம்பி ஓடும்போது தண்ணீர் ஆப்பை மேலே தள்ளாதா? என் கணவர் யார்டில் எடுத்து வைத்திருந்த சோதனைப் படத்தை ஓடவிட்டார். தண்ணீர் ஏற ஏற, அது ரப்பரை உள்ளிருந்து படியின் மேல் அழுத்துகிறது. நீர் கூடினால் பிடியும் கூடுகிறது. ஆப்பும் ரப்பரும் தனித்தனியாக இருந்தால் இது நடக்காது. அதிகாரி எழுதிக்கொண்டார். சென்ற ஆண்டு காப்புரிமை கிடைத்தது.

நூற்பாலைக் குடியிருப்பில் பழைய சாக்கடையை எடுத்துவிட்டு இதைப் போட்டிருக்கிறோம். போன மழையில் அடைத்துக்கொண்ட ஓர் இடத்தை அங்கிருந்த பெண்களே கொக்கி போட்டுத் திறந்து, மண்ணை அள்ளிவிட்டு மூடிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்று என் கணவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்களைக் கொண்டாட நினைத்த மனிதருக்கும் சேர்த்துப் பயந்துதான் அத்தனை மாதம் அந்தத் தார்பாயை இழுத்து இழுத்துக் கட்டினோம். காரணத்தை அவரிடம் சொன்ன நாளில் இருந்து அதற்கு முடிச்சே தேவைப்படவில்லை என்பதை, இன்றும் வீட்டில் எதையாவது யாரிடமாவது மறைக்கலாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.