நத்தைப் பாட்டுக்கு விழுந்த சிவப்புக் கோடு

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாத்தம்மா என்றால்தான் தெரியும். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி முழுக்க அந்தக் கம்பெனிதான். குழந்தைகளுக்குக் கார்ட்டூன் வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறவர்கள். பல் தேய்ப்பது எப்படி, ரோடு கடப்பது எப்படி, தம்பிப் பாப்பா பிறந்தால் அழாமல் இருப்பது எப்படி என்று வாரத்துக்கு இரண்டு வீடியோ. எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் வாத்து வரும். அதட்டும், கெஞ்சும், தடுக்கி விழும், விழுந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளாது. ஆறு வருடமாக அந்த வாத்துக்குக் குரல் கொடுப்பவள் அவள்.

அதற்கு முன்னால் நாலு மாடித் துணிக்கடை ஒன்றில் மைக் முன் உட்கார்ந்திருந்தாள். "பச்சைச் சட்டை போட்ட மூணு வயசுப் பையன் கவுண்டர் பக்கத்துல அழுதுட்டு இருக்கான், அம்மா எங்க இருந்தாலும் வரவும்" என்று சொல்வதுதான் வேலை. ஒருநாள் அப்படித் தொலைந்து போனது டைரக்டரின் மகன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாமல், அவள் அடுத்த அறிவிப்பைச் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். பெற்ற பிள்ளை தோளில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தபோதும் தொழில் புத்தி போகாத மனுஷன். மறுவாரமே அவள் வாத்தாகிவிட்டாள்.

அவள் முகத்தை யாருக்கும் தெரியாது. ஆனால் பஸ்ஸில் வாயைத் திறந்தால் போதும், ஏதாவது ஒரு குழந்தை சடக்கென்று திரும்பிப் பார்க்கும். அதற்காகவே சில்லறை சரியாக இருந்தாலும் கண்டக்டரிடம் சத்தமாக நாலு வார்த்தை பேசுவாள். அந்த ஒரு திரும்பலில் அன்றைய களைப்பெல்லாம் பறந்துவிடும். சின்ன ஆசைதான், ஆனால் அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் நத்தை வந்தது.

வாத்துக்கு ஒரு சிநேகிதன் இருந்தால் நன்றாக இருக்கும் என்று டைரக்டருக்குத் தோன்றியது. குரலுக்கு இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதாகப் பேச்சு. முதல்நாள் பயத்தில் வசனத் தாளில் வரியைத் தொலைத்துவிட்டு, "நான்... வந்து..." என்று சொல்லி நின்றுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எடிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுதான்மா நத்தை. இப்படியே பேசு" என்றார் டைரக்டர். வரி தெரியாமல் முழித்ததற்குப் பாராட்டு. வாத்தம்மா ஆறு வருடத்தில் ஒரு வரியைக் கூடத் தொலைத்ததில்லை. அதற்கு யாரும் கை தட்டியதும் இல்லை.

குழந்தைகளுக்கு நத்தை பிடித்துப்போயிற்று. எல்லோரும் பேசி முடித்து, கிளம்பி, கதவைச் சாத்திய பிறகு அது "நானும்... வரேன்" என்று சொல்லும். அந்த இடைவெளியில் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்களாம். பெற்றவர்கள் எழுதிப் போடும் கருத்துகளை எடிட்டர் சத்தமாகப் படிப்பார். நத்தை, நத்தை, நத்தை. நடுவில் ஒருத்தர், "வாத்து கொஞ்சம் கத்தாமல் பேசினால் நல்லது" என்று எழுதியிருந்தார். அதையும் அதே குரலில் படித்தார் அந்த மனுஷன். வாத்தம்மா வெந்நீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக ஒன்றுமில்லை. அந்தப் பெண் சிரித்தால் வயிறு எரிந்தது, இருமினால் இதமாக இருந்தது. அவளோ காலையில் வந்ததும் "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பாள். அதுவும் நடிப்பு என்று வாத்தம்மா தீர்மானித்து வைத்திருந்தாள்.

அலுவலகத்தோடு நின்றிருந்தால் தாங்கியிருக்கலாம். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது நத்தை. ஐந்து வயது மகளுக்குத் தலை பின்னும்போது, "அம்மா, நத்தை மாதிரிப் பேசு" என்றாள்.

"வாத்து மாதிரிப் பேசட்டுமா?"

"வேணாம். நத்தை."

"எனக்கு அது வராது."

"அப்ப அப்பா, நீ பேசு."

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கணவர், தொண்டையை இழுத்து, "நானும்... ஆபீசு... போகணும்" என்றார். கேட்கச் சகிக்கவில்லை. மகள் பின்னலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் முதுகில் தொங்கினாள். சீப்பும் கையுமாக வாத்தம்மா நின்றாள். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பண்ணுது, இல்ல?" என்று வேறு கேட்டு வைத்தார். அன்று பூராவும் அவரோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன குற்றம் செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்றாவது மாதத்தில் நத்தைக்கு ஒரு பாட்டு எழுதினார்கள். செருப்பு மாட்டும் பாட்டு. நத்தைக்கு இருப்பதோ ஒரே கால். கையில் இருப்பதோ ஒரு ஜோடி. எது இடது, எது வலது, மிச்சத்தை எங்கே மாட்டுவது என்று நத்தை நின்று நிதானமாகக் குழம்பும். டைரக்டர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "பாட்டு டெஸ்ட்ல தாக்குப் பிடிச்சா நத்தைக்குத் தனித் தொடர். இல்லேன்னா மூணு மாசத்தோட நத்தைய முடிச்சிக்கலாம்."

டெஸ்ட் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். எந்த வீடியோவும் அதில் தேறாமல் வெளியே போகாது. ஒரு அறையில் பாய் விரித்து நாலு குழந்தைகளை உட்கார வைப்பார்கள். எதிரே பெரிய டிவியில் புது வீடியோ. பக்கத்தில் சின்ன டிவி ஒன்றில் ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். குழந்தை சலித்துப்போனால் தலை திரும்பும். இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் நாலு பட்டன்களோடு உட்கார்ந்து, எந்தக் குழந்தை தலையைத் திருப்புகிறதோ அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திய நேரமெல்லாம் சிவப்புக் கோடாகப் பதியும். சிவப்பு விழுந்த இடத்தை எடிட்டர் வெட்டிவிடுவார், கேள்வியே கிடையாது. பட்டன் அறையில் வீடியோவின் சத்தமும் கேட்காது, படமும் தெரியாது. சுவரில் ஓடுகிற நேரம் மட்டும்தான். குறிப்பவர் மனம் எந்தப் பக்கமும் சாயக்கூடாதாம். குரல் கொடுத்தவர்கள் அங்கே உட்காரவே கூடாது என்பதும் டைரக்டர் போட்ட விதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கமாகப் பட்டன் அழுத்தும் ரிசப்ஷன் பெண்மணி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போய்விட்டார். நத்தை என்றே எல்லோரும் கூப்பிட ஆரம்பித்திருந்த அந்தப் பெண்ணுக்கும் அன்று விடுமுறை. வரவேண்டிய குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல். பள்ளி விடுமுறை என்று வாத்தம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். டைரக்டர் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார்: மகள் பாயில், அம்மா பட்டன் அறையில். "இன்னைக்கு மட்டும் உக்காருங்க. சத்தந்தான் கேக்காதே" என்றார்.

சத்தம் எதற்கு? வீடியோவின் ஒவ்வொரு நொடியும் அவளுக்கு மனப்பாடம். பேசினவள் அவள்தானே.

பத்தாவது நொடியில் வாத்து வரும். சுவரில் பத்து விழுந்தது. மகள் சட்டென்று தலையைத் திருப்பினாள். சின்ன டிவியைக் கூடப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் மூடிக் கிடந்த கதவைப் பார்த்தாள். வாத்தம்மாவின் விரல் பட்டன்மேல் இருந்தது, அழுத்த மனம் வரவில்லை. நாற்பதாவது நொடியில் வாத்து அதட்டும். மகள் மறுபடி கதவைப் பார்த்தாள். வாத்து பாதியில் நிறுத்திக்கொண்டதும் திரும்பி உட்கார்ந்தாள். ஊரான் பிள்ளைகள் மூன்றும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்க, பெற்ற பிள்ளைக்குத்தான் அம்மா குரல் சலித்துவிட்டது.

இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் பாட்டு ஆரம்பம். நாலு தலைகளும் அசையவில்லை. மகள் திறந்த வாய் திறந்தபடி இருந்தாள்.

வாத்தம்மா அழுத்தினாள். முதலில் ஒரு பட்டன். அப்புறம் இரண்டு. பாட்டு முடிகிற வரை மாற்றி மாற்றி, நம்புகிற மாதிரி, இடைவெளி விட்டு அழுத்தினாள். தொழில் தெரிந்தவள் அல்லவா, பொய்யைக்கூடத் தாளம் தப்பாமல் செய்தாள்.

மறுநாள் எடிட்டர் பாட்டை வெட்டிவிட்டார். டைரக்டர் நத்தையைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அந்தப் பெண் சண்டை போடவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு, பாத்ரூமில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வாத்தம்மா அன்றைக்குப் பேசிய வசனம் எல்லாம் முதல் தடவையே சரியாக வந்தது. பஸ்ஸில் சத்தம் போட்டு டிக்கெட் வாங்கினாள். இரண்டு குழந்தைகள் திரும்பின.

வியாழக்கிழமை மத்தியானம் நத்தை அவள் மேஜைக்கு வந்தாள், கையில் எடிட்டரின் லேப்டாப்.

"அக்கா, டெஸ்ட் அன்னைக்கு எடுத்த வீடியோவ எடிட்டர் அண்ணா குடுத்தாரு. பசங்க எந்த இடத்துல போர் அடிச்சுத் திரும்பினாங்கன்னு பாக்கணும். வேற எங்கயாவது வேலைக்குப் போனா உதவும். தனியா பாக்கப் பயமா இருக்கு. கூட உக்காருங்களேன்."

"எனக்கு ரெக்கார்டிங் இருக்கே."

"நாலு நிமிஷந்தான்க்கா."

தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்தாள். திரையில் நாலு குழந்தைகளின் முகம், கீழே கோடு ஓடுவதற்கான பட்டை. டெஸ்ட் அறையின் சத்தமும் பதிவாகியிருந்தது. பத்தாவது நொடியில் வாத்து பேசியது. மகள் கதவைப் பார்த்து, பக்கத்துப் பையனின் கையைச் சுரண்டி, "எங்கம்மா பேசுறா. அந்தக் கதவு வழியாத்தான் போனா. இப்ப வருவா" என்றாள்.

நாற்பதாவது நொடியில் மறுபடியும். "பாரு, இன்னும் பேசுறா" என்று சொல்லிக் கதவையே பார்த்தாள். வாத்து பேச்சை நிறுத்தியதும் முகம் தொங்கிப்போயிற்று.

சலிப்பு என்று நினைத்தாளே வாத்தம்மா, பாவி. எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அதற்குள் பாட்டு வந்துவிட்டது.

நாலு குழந்தைகளும் சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே சிவப்புக் கோடு விழுந்துகொண்டே போனது. நத்தை பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். முகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஒவ்வொரு குழந்தையாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"யாருமே திரும்பலையேக்கா."

வாத்தம்மா மேஜையில் கிடந்த வசனத் தாளைப் புரட்டினாள்.

"யாரு குறிச்சது? ரிசப்ஷன் அக்காதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பல் பிடுங்கின வலியில் கை தவறிவிட்டது என்று கதையே கட்டிவிடலாம். நாளை வெள்ளிக்கிழமை. நாளையைத் தாண்டினால் இந்தப் பெண்ணின் முகத்தில் முழிக்கவே தேவையில்லை. வாய்வரை வந்தது.

"அவங்க அன்னைக்கு லீவு. நான்தான் உக்காந்திருந்தேன்."

"பட்டன் ஏதாவது மாட்டிக்கிச்சா?"

"இல்ல. நான்தான் அழுத்தினேன்."

"ஏன்க்கா?"

"நீ நல்லாப் பாடியிருந்தே."

நத்தை அவளையே பார்த்தாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்கு நடந்தாள். வாத்தம்மா பின்னாலேயே போனாள். யார் சொல்வதற்கும் முன்னால் தானே சொல்லிவிட்டாள். டைரக்டர் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விதியை மீறி உட்கார வைத்தது அவர்தான் என்பதால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. "உங்ககிட்ட இத எதிர்பாக்கல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

பாட்டு மறுபடி ஒட்டப்பட்டு வெளியே போனது. நத்தைக்குத் தனித் தொடர் வந்தது. வாத்தம்மாவின் மகள் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை செருப்புப் பாட்டைப் போட்டுப் பார்த்தாள். அம்மாவே நேரில் பக்கத்தில் இருக்கும்போது வாத்து எதற்கு அவளுக்கு என்பது வாத்தம்மாவுக்கு இப்போது புரிந்துதான் இருந்தது. புரிந்தால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடுமா? பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதனால் கூடுதலாக எரிந்தது.

மறுமாதம் இரண்டு பேருக்கும் சேர்ந்து ரெக்கார்டிங் வந்தது. வாத்தம்மா தன் பங்கைப் பேசி முடித்து ஹெட்போனைக் கழற்றினாள். கதவருகே நத்தை தாளோடு நின்றுகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாத்தம்மா இரண்டு வாரமாக வார்த்தை தேடி வைத்திருந்தாள்.

"முடிஞ்சிடுச்சுங்களா மேடம்? நான் உள்ள வரலாமா?" என்றாள் நத்தை. குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை, மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

"வா" என்று வழிவிட்டாள் வாத்தம்மா. தேடி வைத்த வார்த்தை வெளியே வரவில்லை.

வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து நத்தையின் குரல் கேட்டது. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவளிடம், "அக்கா, அந்தத் தண்ணி பாட்டில கொஞ்சம் எடுத்துக் குடுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன அந்த அம்மாளைப் பார்த்து வாத்தம்மாவுக்கு வயிறு எரிந்தது.